லாஜிக் இடிக்கிறது என்று சொல்வதற்கு முன்: கதை ஓட்டை என்பது எது?

மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மொரீஷியஸில் யாருக்கும் வேலை கிடையாது. கடை மூடும், பஸ் நிற்கும், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். அப்படி ஒரு நாளில் காத்ர் போர்னில் உள்ள அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்கே மின்சாரம் போனது. மறுநாள் காலையில்தான் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்கா பிள்ளைகள் இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

சண்டை ஒரு வீடியோ கேமைப் பற்றி. மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதைத் தொடர். அவர்கள் விளையாடுவது பிரெஞ்சில், சண்டை போடுவது கிரியோலில், நடுவராக இழுக்கப்பட்ட மாமாவிடம் பேசும்போது மட்டும் தமிழ். பெரியவன் சொன்னான்: "மாமா, அந்தக் கதை முழுக்க ஓட்டை." சின்னவன் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவன் ஒரு பேப்பரில் பன்னிரண்டு ஓட்டைகளை எழுதிக் காட்டினான். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓட்டையே இல்லை. சில வெறும் ஏமாற்றம், சில விடை தெரியாத கேள்வி, சில அறிவியல் பாடப் புத்தகத்தோடு ஒத்துப்போகாதவை. ஒன்றிரண்டு மட்டும் நிஜமான ஓட்டை, அதுவும் நல்ல பெரிய ஓட்டை.

அவன் மட்டுமல்ல, எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். பிடிக்காத எதற்கும் "லாஜிக் இடிக்குது" என்று ஒரே முத்திரை குத்திவிடுகிறோம். எது உண்மையில் கதை ஓட்டை, எது இல்லை என்று புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். மாஸ் எஃபெக்ட் முடிவு வரை பேசப்போகிறேன். இனிமேல்தான் விளையாட வேண்டும் என்று இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரணியனின் வரமும் நான்கு மணி பஸ்ஸும்

ஒரு கதை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பக்கத்தில் நான்காம் எண் எச்சரிக்கை அமலில் இருக்கிறது. காற்று 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வண்டியும் ஓடவில்லை. அதனால்தான் கதாநாயகன் சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் போக முடியாமல் தவிக்கிறான். ஐந்தாம் பக்கத்தில் வில்லன், கியூர்பிப்பிலிருந்து நான்கு மணி பஸ் பிடித்து போர்ட் லூயிஸ் வந்து இறங்கிச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறான். படிக்கிறவர் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். மகனுக்கு ஓடாத பஸ் வில்லனுக்கு மட்டும் எப்படி ஓடியது?

இதில் நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. பஸ் ஓடாது என்பது கதையே சொன்ன விதி. அதைக் கதையே மீறுகிறது. மீறியதற்குக் காரணமும் சொல்லவில்லை. அந்த மீறலை எடுத்துவிட்டால் கையெழுத்தும் இல்லை, கதையும் நகராது. கதை தானே போட்ட விதியைக் காரணம் சொல்லாமல் மீறி, அந்த மீறலின் மேலேயே அடுத்த சம்பவத்தைக் கட்டினால், அதுதான் கதை ஓட்டை.

ஓட்டை இல்லாத கதைக்கு நம் பாட்டிமார் சொன்ன உதாரணம் ஒன்று இருக்கிறது. இரணியன் வாங்கிய வரத்தில் எத்தனை நிபந்தனைகள்! மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் ஆகாயத்திலும் கூடாது, ஆயுதம் எதுவும் படக்கூடாது. கேட்கிற குழந்தைக்கு 'இவனை இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது' என்று தோன்ற வேண்டும். அப்புறம்தான் தூண் பிளக்கிறது. மனிதனும் இல்லாத மிருகமும் இல்லாத நரசிம்மம், அந்திப் பொழுதில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் கிழிக்கிறது. ஒரு விதிகூட மீறப்படவில்லை. அந்தக் கதையின் சுவையே அங்கேதான் இருக்கிறது. விஷ்ணு பட்டப்பகலில் கத்தியோடு வந்து குத்திவிட்டுப் போயிருந்தால், கடவுள்தானே, எதுவும் செய்யலாம் என்று நாம் விட்டிருக்க மாட்டோம். வரம் என்ன ஆச்சு என்று குழந்தையே கேட்டிருக்கும்.

சுருக்கிச் சொன்னால், கதையை அளக்கும் கோல் அந்தக் கதைக்கு உள்ளேதான் இருக்கிறது. நம் ஊர் நியாயத்தையோ பள்ளிக்கூடத்து இயற்பியலையோ அங்கே கொண்டுபோய் அளக்கக் கூடாது.

ஓட்டை போலத் தெரியும், ஆனால் ஓட்டை இல்லை

பெரியவனின் பட்டியலில் முதல் வரி: ஒளியைவிட வேகமாக யாரும் போக முடியாதே, இவர்கள் எப்படிப் போகிறார்கள்? கேள்வி சரிதான், ஐன்ஸ்டைன் சொன்னது அதுதான். ஆனால் மாஸ் எஃபெக்ட் தொடங்கும்போதே ஒரு விதியைப் போட்டுவிடுகிறது. எலிமென்ட் ஜீரோ என்று ஒரு பொருள் உண்டு. அதில் மின்சாரம் பாய்ச்சினால் சுற்றியுள்ளவற்றின் நிறை கூடும் அல்லது குறையும். நிறையைக் குறைத்துக் கப்பலை விரட்டுகிறார்கள். தொடரின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. நம் உலகில் அப்படி ஒரு பொருள் கிடையாது, கதையில் உண்டு. இப்படி ஒரு கதை தன் உலகத்துக்கென்று வகுத்துக்கொள்ளும் சட்டத்தைக் கதை உலக விதி என்று சொல்லலாம். இரணியனின் வரம் மாதிரி. வரம் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரம் கடைசிவரை வரமாகவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் வரி: கவுன்சில் ஏன் இவ்வளவு முட்டாளாக இருக்கிறது? கதைச் சுருக்கம் இது. ஷெப்பர்ட் என்ற தளபதிதான் நாம். ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய உயிரினங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகின்றன. ஷெப்பர்ட் தொண்டை கிழியச் சொல்லியும், விண்மீன் மண்டலத்தை ஆளும் கவுன்சில் நம்பவில்லை. முதல் பாகத்தில் ஒரு ரீப்பர் அவர்கள் வாசலுக்கே வந்து அடித்த பிறகும், இரண்டாம் பாகத்தில் அது வேறு யாரோ கட்டிய கப்பல் என்று சமாதானம் சொல்கிறார்கள். எரிச்சல் வரும்தான். ஆனால் ஆட்சியில் இருப்பவர்கள் விரும்பாத உண்மையைப் பார்க்க மறுப்பது எந்த உலகத்தின் விதியையும் மீறாது. சொன்ன காரணம் நோஞ்சான் காரணம். ஆனால் காரணம் இருக்கிறது. பாத்திரம் தவறு செய்தால் அது பாத்திரத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பாதியில் விட்ட நூல். இரண்டாம் பாகத்தில் ஹேஸ்ட்ராம் என்ற கோள் வருகிறது. அதன் சூரியன் வயதுக்கு மீறி வேகமாக மூப்படைகிறது. காரணம் கறுப்பு ஆற்றலாக இருக்கலாம் என்று கதை கோடி காட்டுகிறது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தால் மூன்றாம் பாகத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோன மாதிரி. எனக்கும் வருத்தம்தான். ஆனால் விடை சொல்லாத கேள்வி வேறு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள் வேறு.

துப்பாக்கிக்குக் குண்டு எங்கிருந்து வந்தது?

இப்போது கொஞ்சம் சுவையான இடம். 2007-ல் வந்த முதல் பாகத்தில் துப்பாக்கிகளுக்குக் குண்டு தீராது. உள்ளே ஒரு உலோகக் கட்டி இருக்கும். சுடும்போதெல்லாம் அதிலிருந்து மணல் அளவு துகளைச் சீவி, நிறையைக் குறைத்து, அசுர வேகத்தில் எறியும். ஆயிரக்கணக்கில் சுடலாம். தடை ஒன்றே ஒன்றுதான், சூடு. விடாமல் சுட்டால் துப்பாக்கி கொதித்துப்போய்க் கொஞ்ச நேரம் மக்கர் பண்ணும். ஆறும்வரை ஒளிந்துகொண்டு நிற்க வேண்டும். அழகான யோசனை, நன்றாக யோசித்துப் போட்ட விதி.

2010-ல் இரண்டாம் பாகம் வந்தபோது எல்லாம் மாறிவிட்டது. சூட்டை வாங்கிக்கொள்ளும் தெர்மல் கிளிப் என்ற சின்ன உருளையைச் சொருக வேண்டும். அது நிரம்பினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று. தீர்ந்துவிட்டால் சுட முடியாது. பெயர்தான் வேறு, நடைமுறையில் மற்ற எல்லாத் துப்பாக்கி விளையாட்டிலும் உள்ள குண்டுப் பெட்டியேதான். விளையாட்டின் விறுவிறுப்புக்காக மாற்றினார்கள் என்பது விளையாடிப் பார்த்த யாருக்கும் தெரியும்.

ஆனால் கதைக்குள்ளும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. சொன்னார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஷெப்பர்ட் செத்துப்போகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து உயிர் கொடுத்து எழுப்புகிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லாப் படைகளும் புது முறைக்கு மாறிவிட்டன, ஆறும்வரை காத்திருப்பதைவிடக் கழற்றி மாட்டுவது வேகம் என்று போரில் கண்டுகொண்டார்கள் என்பது விளக்கம். முன்பு சொன்னதைப் பின்னால் வரும் பாகம் இப்படித் திருத்தி அமைப்பதற்கு ரெட்கான் என்று பெயர். ரெட்கான் குற்றம் இல்லை. பழைய வீட்டில் சுவரை இடித்து வாசல் வைக்கிற மாதிரி. ஆனால் வாசல் வைத்த பிறகு வீட்டின் மற்ற மூலைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் செய்யாமல் விட்டார்கள். அதே இரண்டாம் பாகத்தில் ஜேக்கப் என்ற கூட்டாளியின் அப்பாவைத் தேடி ஒரு கோளுக்குப் போகிறோம். அவருடைய கப்பல் விழுந்து நொறுங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. வெளியுலகத் தொடர்பே கிடையாது. சாப்பாடு தீர்ந்து, அந்த ஊர் விஷக் காய்களைத் தின்று மூளை மழுங்கிப்போன மனிதர்கள். அந்த இடத்தில், தரையெங்கும் தெர்மல் கிளிப்! இரண்டு ஆண்டுகளுக்குள் வந்த சரக்கு, பத்து ஆண்டுகளுக்கு முன் தொலைந்தவர்கள் கையில் எப்படி வந்தது?

விதி இருக்கிறது, மீறல் இருக்கிறது, காரணம் இல்லை. ஆனால் நான்காவது பகுதி? அந்த உருளைகளை எடுத்துவிட்டாலும் ஜேக்கப்பின் அப்பா செய்த அக்கிரமம் அப்படியேதான் இருக்கும். கதையில் எதுவும் சரியாது. இப்படி முன்னுக்குப் பின் ஒத்துவராத, ஆனால் கதை சாய்ந்து நிற்காத விவரத்துக்குத் தொடர்ச்சிப் பிழை என்று பெயர். படத்தில் ஒரு ஷாட்டில் நிறைந்திருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் காலியாக இருப்பது மாதிரி.

தொடர்ச்சி மாறினால் கண் எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிடும் என்பது எங்கள் தீவுத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அடுத்து இந்தி என்பது பழகிய வரிசை. 1998-ல் வந்த புது நோட்டுகளில் அந்த வரிசை மாறியபோது கையில் வாங்கிய உடனே ஊரே பார்த்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பி நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அதில் இருந்தது உரிமையும் மரியாதையும், விளையாட்டு விஷயம் இல்லை. இங்கே அதை நினைவுபடுத்துவது ஒன்றுக்காகத்தான்: ஒரு வரிசையைப் பல வருடம் பழக்கிவிட்டால், அதைக் காரணம் சொல்லாமல் மாற்ற முடியாது.

தெர்மல் கிளிப் விஷயத்தில் ஒரு சலுகை கொடுக்கலாம். அங்கே கிளிப் கிடைக்காவிட்டால் விளையாடுபவர் சுட முடியாது, ஆட்டமே நின்றுவிடும். தமிழ்ப் படத்தில் காதலர் இருவரும் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வார்கள், உடனே சுவிட்சர்லாந்துப் பனியில் ஆடுவார்கள், பாட்டு முடிந்ததும் அதே பஸ் ஸ்டாண்டு. விமான டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அது கதை இல்லை, மரபு. வீடியோ கேமிலும் இப்படி உண்டு. விளையாட்டு மரபு என்று வைத்துக்கொள்வோம். 1997-ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பாகத்தில் சண்டையில் விழுந்தவரை ஃபீனிக்ஸ் டவுன் என்ற இறகு எழுப்பிவிடும். ஆனால் ஏரித் என்ற பெண் கதைக் காட்சியில் கத்திக்குத்துப் பட்டுச் சாகும்போது யாரும் இறகை எடுப்பதில்லை. சண்டையில் விழுவது ஆட்டக் கணக்கு, கதையில் சாவது நிஜச் சாவு. பாட்டையும் கதையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது புதிதில்லை.

இதுவரை பார்த்ததில் நான்கைந்து வகை வந்துவிட்டது: பாத்திரத்தின் தவறு, விட்ட நூல், ரெட்கான், தொடர்ச்சிப் பிழை, விளையாட்டு மரபு. பெரியவனின் பட்டியலில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

விளையாட்டுக் கதைக்கு மட்டும் உள்ள தலைவலி

திரைப்படத்தில் ஒரே கதைதான். இந்தத் தொடரில் முடிவெடுப்பது நாம். முதல் பாகத்தில் செய்ததைச் சேமித்து இரண்டாம், மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம். யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டோம் என்பதெல்லாம் கூடவே வரும். ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு வழி என்று வைத்தால், பத்து முடிவுகளுக்கு 1,024 விதமான உலகம். அத்தனைக்கும் தனித்தனிக் கதை யார் எழுதுவது? ஆகவே பிரிந்த கிளைகளை எழுத்தாளர்கள் மறுபடி ஒன்று சேர்க்கிறார்கள். போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அதே பஸ் நிலையத்தில்தானே இறங்குகிறோம், அது போல.

முதல் பாகத்தில் ராக்னி என்ற பூச்சி இனத்தின் கடைசி ராணியைக் கொல்லலாம், விடலாம். கொன்றுவிட்டாலும் மூன்றாம் பாகத்தில் ராக்னிகள் வருகின்றன. ரீப்பர்கள் செயற்கையாக ஒரு ராணியை உண்டாக்கிவிட்டன என்கிறது கதை. அதே முதல் பாகத்தின் முடிவில் மனிதர்களின் பிரதிநிதியாக ஆண்டர்சனை அமர்த்தலாம், யுடினாவை அமர்த்தலாம். யாரை அமர்த்தினாலும் மூன்றாம் பாகத்தில் யுடினாதான் அந்த நாற்காலியில் இருப்பார். ஆண்டர்சன் பதவியை விட்டுவிட்டாராம்.

பெரியவனுக்கு இதில்தான் கோபம் அதிகம். "அப்போ என் முடிவுக்கு என்ன மதிப்பு, மாமா?" நியாயமான கோபம். ஆனால் ஓட்டை என்று சொல்ல முடியாது, காரணம் சொல்லிவிட்டார்கள். ஒட்டுப் போட்ட சட்டை அழகாக இருக்காது. கிழிந்த சட்டையும் இல்லை.

சிட்டடல்: நிஜமான ஓட்டை

இனிதான் பெரியது. சிட்டடல் என்பது விண்வெளியில் மிதக்கும் பிரம்மாண்டமான நகரம், கவுன்சிலின் தலைநகரம். புரோதியன்கள் என்ற பழைய இனம் கட்டியது என்று எல்லோரும் நம்பியிருக்க, முதல் பாகம் ஒரு அதிர்ச்சியைக் கொடுக்கிறது. கட்டியது ரீப்பர்கள். அது எலிப்பொறி. நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல்களை நொடியில் எறியும் நிலையங்களுக்கு மாஸ் ரிலே என்று பெயர்; சிட்டடலே ஒரு ராட்சத மாஸ் ரிலே. அதன் மறுமுனை, விண்மீன் மண்டலத்துக்கு வெளியே ரீப்பர்கள் தூங்கும் இருள்வெளியில் இருக்கிறது.

பொறி இப்படி வேலை செய்யும். ஒரு ரீப்பர் மட்டும் காவலுக்கு இங்கே இருக்கும். இந்த முறை அதன் பெயர் சாவரின். நேரம் வந்ததும் அது ஒரு சமிக்ஞை அனுப்பும்; சிட்டடலைப் பராமரிக்கும் கீப்பர்கள் என்ற பூச்சி மாதிரியான ஊழியர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். முதல் அடியிலேயே தலைநகரம் காலி, ரிலேக்களின் சாவியும் கையில். மற்ற ஊர்கள் தனித்தனித் தீவாகிவிடும். ஆனால் போன சுற்றில், அழிவுக்குத் தப்பி ஐலோஸ் என்ற கோளில் ஒளிந்திருந்த சில புரோதியன் அறிஞர்கள் கீப்பர்களை மாற்றி, சமிக்ஞைக்குக் காது கொடுக்காதபடி செய்துவிட்டார்கள். ஆகவே சாவரின் கூப்பிடுகிறது, கதவு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் சாரன் என்ற ஆளைப் பிடித்து, ஒரு படையைத் திரட்டி, சிட்டடலுக்குள் நுழைந்து கையால் திறக்கப் பார்க்கிறது. முதல் பாகம் முழுக்க இந்த முயற்சியும் அதைத் தடுப்பதும்தான். இரணியன் கதை மாதிரி இறுக்கமான கட்டு. கழற்ற ஒரு ஆணி இல்லை.

2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சிறுவனின் உருவம் ஷெப்பர்ட் முன் தோன்றுகிறது. அதன் பெயர் கேட்டலிஸ்ட். ரீப்பர்களை உண்டாக்கியது அதுதான், கட்டுப்படுத்துவதும் அதுதான். எங்கே இருக்கிறது? சிட்டடலுக்குள்ளேயே. எப்போதிலிருந்து? எப்போதுமே!

அன்று மாலை பெரியவன் டிவியில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியபோது நானே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்காரனே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் நின்ற சாவரின் ஏன் கதவைத் தட்டித் தட்டிச் செத்துப்போனது? ரீப்பர்களையே ஆளும் ஒரு மூளை தான் குடியிருக்கும் இடத்தின் கதவைத் திறக்க, பூச்சி ஊழியர்கள் எதற்கு, சாரன் எதற்கு, படை எதற்கு? அது திறக்க முடிந்திருந்தால் முதல் பாகமே தேவையில்லை. முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு பகுதிகளும் பொருந்துகின்றன. சந்தேகமே இல்லாத ஓட்டை.

சின்னவன் விடவில்லை. "ஒருவேளை புரோதியன்கள் அதையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கலாமே, மாமா. இல்லாவிட்டால் அதற்குப் பார்க்க மட்டும்தான் அனுமதியோ என்னவோ." நல்ல ஊகம்தான். ஆனால் அது அவன் கொண்டுவந்து போட்ட மண். ஓட்டையை ரசிகர் அடைத்துக்கொள்ளலாம், அது ரசிகர் விளக்கம். அடைக்க வேண்டியிருந்தது என்பதே ஓட்டை இருந்ததற்குச் சாட்சி.

இதோடு ஒட்டிய இன்னொரு இடமும் உண்டு. சிட்டடல் கதவு திறக்காவிட்டாலும் ரீப்பர்கள் இருள்வெளியிலிருந்து பறந்தே வந்துவிடுகின்றன, முதல் பாகம் முடிந்து கதைக் கணக்கில் மூன்றே ஆண்டுகளில். மூன்று ஆண்டுப் பயணம்தான் என்றால் சாவரின் ஏன் இவ்வளவு அவசரப்பட்டது? எச்சரிக்கை இல்லாமல் முதலில் தலைநகரத்தில் அடிப்பதுதான் அதன் பலம் என்று பதில் சொல்லலாம், அதைப் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் மூன்றாம் பாகத்தில் வந்து சேர்ந்த ரீப்பர்கள் சிட்டடலைக் கடைசிவரை தொடாமல் விட்டு வைக்கின்றனவே! 50,000 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் செய்துவந்த முதல் வேலையை இந்தத் தடவை மட்டும் மறந்துவிட்டனவா? இதற்கு எனக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

புயலுக்குப் பிறகு கூரை மாற்றுவது

விளையாட்டுகளுக்கு ஒரு வசதி உண்டு, விற்ற பிறகும் பழுது பார்க்கலாம். இரண்டாம் பாகத்துக்கு 2011-ல் வந்த அரைவல் என்ற கூடுதல் அத்தியாயத்தில், ஷெப்பர்ட் ஒரு குறுங்கோளை மாஸ் ரிலே மீது மோதவிடுகிறார். ரிலே வெடித்து அந்தச் சூரியக் குடும்பமே அழிகிறது. மூன்று லட்சம் பேர் சாகிறார்கள். ஆகவே விதி தெளிவு: ரிலே வெடித்தால் அக்கம்பக்கம் மிஞ்சாது. அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் எல்லா ரிலேக்களும் வெடித்துச் சிதறுகின்றன. அப்படியானால் பூமி உட்பட எல்லாம் போயிருக்க வேண்டும், ஆனால் போனதாகத் தெரியவில்லை. பூமியில் ஷெப்பர்டோடு ஓடிக்கொண்டிருந்த தோழர்கள் கடைசியில் எங்கோ தூரத்தில் ஒரு கோளில் விழுந்து கிடக்கும் கப்பலிலிருந்து இறங்கி வருகிறார்கள். எப்படி ஏறினார்கள் என்பதும் இல்லை.

உருவாக்கிய கனடா நிறுவனமான பயோவேர் அதே ஆண்டு ஜூனில் எக்ஸ்டெண்டட் கட் என்று இலவசமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதில் ரிலேக்கள் சேதமடைகின்றன, பிறகு சரிசெய்யப்படுகின்றன. தோழர்களைக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போகும் காட்சியும் சேர்ந்தது. இரண்டு ஓட்டையும் அடைபட்டன. கேட்டலிஸ்ட் ஓட்டை மட்டும் அடைபடவே இல்லை. அது கூரையில் இல்லை, அஸ்திவாரத்தில்.

அந்த நேரத்தில் ரசிகர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று முடிவுகளும் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மட்டும் மாறி மற்றபடி ஒரே மாதிரி இருக்கின்றன என்று கோபப்பட்டு, சுமார் 400 கப் கேக்குகளை பயோவேருக்கு அனுப்பினார்கள். மூன்று நிறத்தில், ஒரே சுவையில். இதைவிட நாசூக்கான திட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தப் புகார் ஏமாற்றத்தைப் பற்றியது, முரணைப் பற்றியது இல்லை. மூன்று முடிவுகள் ஒன்றுபோல இருப்பது எந்தக் கதை உலக விதியையும் உடைக்கவில்லை. பெரியவனின் பட்டியலில் கடைசி நான்கு வரிகள் இந்த ரகம்தான். அவற்றை அடித்துவிடச் சொன்னேன், முனகிக்கொண்டே அடித்தான்.

இதை எழுதி முடித்து முதலில் சின்னவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். பள்ளியில் தமிழ் எடுத்திருக்கிறான். எழுத்துக் கூட்டி, மெதுவாக, வரி வரியாகப் படித்தான். பாதிக்கு மேல் போனதும் நிறுத்தினான்.

"மாமா, கரண்ட் மதியமே போச்சு, மறுநாள்தான் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அண்ணன் சாயந்தரம் டிவியில எப்படிக் காட்டினான்?"

டிவி இல்லை. பெரியவனின் லேப்டாப், பாதி சார்ஜில் இருந்தது. எழுதும்போது கை தானாக டிவி என்று போட்டிருக்கிறது. மாற்றிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றான். "எதுல பார்த்தா என்ன, கேட்டலிஸ்ட் ஓட்டை அப்படியேதானே இருக்கு. இது தொடர்ச்சிப் பிழை."